அஸ்கிரிய மைதானத்துக் கைதட்டல்

ஏ9 வீதியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது மூடிய நாட்களையும் திறந்த நாட்களையும் வைத்தே பல வருடங்களைக் கணக்கிட்டவர்கள் நாம். அந்த வீதி கண்டியில்தான் தொடங்குகின்றது. கண்டிக்குப் போகின்றவர்கள் தலதா மாளிகையையும் வாவியையும் பேராதனைப் பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நகரின் நடுவிலிருந்து சிறிது தூரம் மேலேறினால் அஸ்கிரிய மைதானம் இருக்கின்றது. அதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சுற்றிலும் மலை, நடுவிலே பச்சைப்பசேலென்ற சமதரை. இது இயற்கையாக அமைந்த தரை அல்ல. 1872இல் தொடங்கப்பட்ட திரித்துவக் கல்லூரிக்கு 1904 முதல் அதிபராக இருந்த அருட்திரு ஏ.ஜி. பிறேசர், மாணவருக்கு விளையாட இடம் வேண்டுமென்று மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்துவித்தார். மைதானம் 1915இல் பாவனைக்கு வந்தது. மண்வெட்டி பிடித்த கூலியாட்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

பாடசாலைப் பிள்ளைகள் விளையாடிய அந்த இடம் காலப்போக்கில் பார்வையாளர் அரங்குகளுடன் வளர்ந்தது. 1983 ஏப்ரல் 22ஆம் திகதி இலங்கை, அவுஸ்திரேலியா அணிகளின் டெஸ்ட் போட்டி இங்கே ஆரம்பமாகியது. கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்துக்கு அடுத்ததாக இந்நாட்டில் டெஸ்ட் போட்டி நடந்த இரண்டாவது இடம் இதுதான். பாடசாலை ஒன்றுக்குச் சொந்தமான மைதானத்தில் சர்வதேசப் போட்டி நடப்பது உலகிலே அபூர்வம்.

இங்கே இரண்டு ஆண்டுகளைக் கவனியுங்கள். மைதானம் பாவனைக்கு வந்த 1915இல்தான் முஸ்லிம் மக்களுக்கு எதிரான கலவரம் கண்டியில் மூண்டு மற்ற இடங்களுக்கும் பரவியது. முதலாவது டெஸ்ட் போட்டி நடந்து மூன்று மாதங்களில் வந்ததுதான் கறுப்பு யூலை. அதை நமக்கு விளக்கத் தேவையில்லை. மைதானத்துக்குள்ளே விதிகள் இருந்தன, நடுவர்கள் இருந்தார்கள். வெளியே வீதியில் அவை இருக்கவில்லை.

இந்த மைதானத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் முத்தையா முரளிதரன். 1972இல் கண்டியில் பிறந்தவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவரின் பேரன். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் தமது குடும்பத்தின் தொழிற்சாலை எரிக்கப்பட்டதையும், சிங்கள மக்களே தம்மைக் காப்பாற்றியதையும் அவர் பின்னாளில் கூறியிருக்கின்றார். அஸ்கிரியவில் மட்டும் அவர் எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் 117. 2007 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை ஆட்டமிழக்கச் செய்து 709ஆவது விக்கெட்டைப் பெற்றார். ஷேன் வோர்னின் உலக சாதனை முறிந்தது இந்த மண்ணில்தான். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது.

அந்த நாட்களில் வன்னியில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

கிளிநொச்சிப் பெண்கள் குழுவொன்றுடன் கண்டிக்குப் போயிருந்தபோது, இந்தக் கதையைக் கேட்ட ஓர் அக்கா சொன்னார்: "மிஸ், எங்கட அப்பா இந்தப் பக்கத்துத் தோட்டத்தில பிறந்தவர். எழுபத்தேழில அடிவாங்கி வன்னிக்கு வந்தது. முரளி விக்கெட் எடுத்தால் ரேடியோவுக்குப் பக்கத்தில இருந்து கைதட்டுவார். ஒருக்கா ஊரைப் போய்ப் பாத்திட்டு வருவமெண்டு கேட்டால் மட்டும் பேசாமல் எழும்பிப் போயிடுவார்."

அந்த முதியவர் கைதட்டியதும் உண்மை, எழுந்து போனதும் உண்மை. சாதனை புரிந்த ஒருவருக்குக் கிடைக்கும் மதிப்பு, அவரைப் போன்ற சாதாரண மக்களுக்குப் பாதுகாப்பாக மாறிவிடுவதில்லை. இதைப் பெண்களாகிய நாம் வேறுவிதத்திலும் அறிவோம். பெண்ணைத் தாயென்று போற்றும் சமூகத்திலேதான் காணி உறுதிக்காகக் கணவனை இழந்த பெண் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகின்றாள்.

2007க்குப் பின்னர் அஸ்கிரியவில் டெஸ்ட் போட்டி நடக்கவில்லை. நகருக்கு வெளியே பல்லேகலையில் சுமார் 35,000 பேர் கொள்ளும் புதிய மைதானம் 2009இல் திறக்கப்பட்டது. அதற்கு முரளியின் பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை 2010இல் தீர்மானித்தது. ஆனாலும் பல்லேகலை என்ற பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது. அதைத் தாண்டிச் செல்லும் வீதியில் உள்ள திகனவில் 2018 மார்ச்சில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பெரிய மைதானம் வந்தும் வீதி மாறவில்லை.

அஸ்கிரிய மீண்டும் பாடசாலைப் பிள்ளைகளின் மைதானமாக இருக்கின்றது. அதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அது ஆண் பிள்ளைகளின் பாடசாலை. நமது கிராமங்களிலும் மைதானமென்றால் பொடியன்களின் இடமென்றே எண்ணிவிட்டோம். பெரியபிள்ளையானதும் மகளின் விளையாட்டை நிறுத்திவிடுகின்றோம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியிலே ஆடினார். அவரைப் பார்த்துக் கைதட்டும் நாம், நம் வீட்டுப் பிள்ளைக்கு விளையாட இடமிருக்கின்றதா என்று கேட்பதில்லை.

அடுத்த மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஊர் மைதானத்தில் கிழமைக்கு இரண்டு பின்னேரங்கள் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கும்படி கேளுங்கள். ஒரு மலசலகூடம், ஒரு மின்விளக்கு, இரண்டு வலைப்பந்துக் கம்பங்கள் வேண்டுமென்று பிரதேச சபைக்கு எழுதிக் கொடுங்கள். முதல் சில நாட்களுக்குத் தாய்மாரும் கூடப் போய் ஓரமாக இருங்கள். பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடிவிட்டு, இருட்டுமுன் பயமில்லாமல் வீடு வந்து சேரட்டும்.