கிளையில் பூத்த பூசணம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படை நடுங்கியதோ இல்லையோ, எங்கள் பெரியவன் பதினாலாவது பிறந்த நாளுக்குப் பாம்பு வேண்டும் என்று கேட்டபோது நான் நடுங்கித்தான் போனேன். ஊரில் புற்றுக்குப் பால் வார்த்துக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். இந்த மான்செஸ்டரில் அதை வீட்டுக்குள்ளேயே வைத்துத் தீனி போடுவதாவது!

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வளர்க்க முடியாது. இங்கே அவன் கேட்டது 'கார்ன் ஸ்நேக்' என்கிற அமெரிக்கப் பாம்பு. விஷமில்லை. ஆரஞ்சு நிறம், பெரும்பாலும் நாலைந்து அடி நீளம். இதற்கு இங்கிலாந்தில் லைசென்ஸும் தேவையில்லை. அப்பாவும் பிள்ளையும் ஒன்று சேர்ந்துகொண்டால் என் பேச்சு எங்கே எடுபடும்? கண்ணாடிக் கதவு வைத்த மரப்பெட்டி ஒன்று பின்னறையில் வந்து உட்கார்ந்தது. ஒரு பக்கம் சூடு தரும் விளக்கு, மறு பக்கம் குளிர்ச்சி, பின்புறம் காற்றுப் போக ஓட்டைகள்.

இந்தப் பாம்புக்கு மரமேறப் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஆப்பிள் மரத்தைக் கழித்துவிட்டபோது பையன் ஒரு நல்ல கவைக் கிளையாகக் கேட்டு வாங்கி வந்து, தேய்த்துக் கழுவி உள்ளே வைத்தான். அது சுற்றிக்கொண்டு கிடப்பதைப் பார்க்க, சொல்லக் கூடாது, எனக்கே அழகாகத்தான் இருந்தது.

நவம்பர் மாதம் அந்தக் கிளையில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ பூத்தது. நாலு நாளில் பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள். பூசணம்! "ஒழுங்கா சுத்தம் பண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்று பிடித்துக்கொண்டேன். பாவம், எடுத்துக் கழுவினான். பத்து நாளில் மறுபடியும் வந்தது. மறுபடியும் திட்டு. வினிகர் போட்டுத் துடைத்தான், அதற்கும் அடங்கவில்லை. மூன்றாம் தடவை அவன் பதிலே பேசாமல் கிளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனான்.

டிசம்பரில் பாம்பு இரை எடுக்கவில்லை. தலையை உயரத் தூக்கி, வாயை லேசாகத் திறந்தபடி மூச்சு விட்டது. வாயோரம் நுரை. "அம்மா, செத்துடுமாம்மா?" என்று கேட்டான் பையன். கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மருத்துவர் நுரையீரலில் சளி என்றார். ஊசி மருந்து கொடுத்துவிட்டு, "பெட்டிக்குள் ஈரப்பதம் எவ்வளவு?" என்றார். நாங்கள் அளந்ததே இல்லை. இந்த வகைக்கு நூற்றுக்கு நாற்பது, ஐம்பது இருந்தால் போதுமாம். "அந்த அறையில் வேறென்ன இருக்கிறது? காற்று ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா?" என்று அவர் கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த அறையில்தான் குளிர்காலம் முழுக்க நான் துணி உலர்த்துகிறேன். ஒரு மெஷின் துணி காய்ந்தால் சுமார் 2 லிட்டர் தண்ணீர் அறைக் காற்றில் கலக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு, பாம்பு நழுவி வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில், பின்புற ஓட்டைகளில் பழைய துண்டைக் கிழித்து அடைத்து வைத்தவளும் நானே. யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவரிடமும் வாய் திறக்கவில்லை. காரில் வரும்போதுதான் சொன்னேன். பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் மட்டும், "சரி, விடு" என்றார்.

அன்றிரவே துண்டை உருவினேன். ஈரம் காட்டும் சின்னக் கருவி வாங்கி வைத்தோம், 78 காட்டியது! தண்ணீர்க் கிண்ணத்தை விளக்கடியிலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு மாற்றினோம். சூட்டில் இருந்தால் ஆவியாகிக்கொண்டே இருக்குமல்லவா? துணிக்கொடி குளியலறைக்குப் போயிற்று. கதவைச் சாத்தி, ஈரக் காற்றை வெளியேற்றும் ஃபேனைப் போட்டுவிடுவேன். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளினால், சுவரிலும் கறுப்புப் புள்ளிகள்! எங்கள் சின்னவளுக்கு வீசிங் உண்டு. பூசணத் தூள் மூச்சில் போனால் அந்தத் தொல்லை அதிகமாகும். அந்தச் சுவரையும் அன்றே துடைத்தேன்.

கிளைக்கு வருவோம். அது பச்சைக் கிளை, உள்ளே இன்னும் ஈரம் இருந்தது. மேலே எத்தனை தேய்த்தும் என்ன பயன்? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் காய்ந்த ஓக் கிளை ஒன்று எடுத்தோம். பைன், சீடார் ஆகாது. அந்த மரங்களின் எண்ணெய் வாடை பாம்பின் மூச்சுக்குக் கெடுதல். உதிரும் பட்டையை நீக்கி, வெந்நீரில் பிரஷால் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, 120 டிகிரி செல்சியஸ் அவனில் ஒரு மணி நேரம் வைத்தோம். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மரம் கருகிப் பற்றிக்கொண்டால் என்னாவது! (கேக் வேகிறது என்று சின்னவள் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.) ஆறிய பிறகும் ஒரு வாரம் காற்றாட வைத்தோம். வார்னிஷ் அடித்தால் ஈரம் ஏறாதே என்று நான் கேட்டேன். அந்த வாடையும் அதற்கு ஆகாதாம்.

பூசணத்தைக் கண்டால் உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், தூள் அறை முழுக்கப் பறக்கும். வெளியே எடுத்துப் போய் ஈரத் துணியால் துடையுங்கள். பிளீச்சையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்துவிடவே கூடாது, விஷ வாயு கிளம்பும். இது குளியலறை கழுவும் சகோதரிகளுக்கும் சேர்த்துத்தான். பாம்பின் கிண்ணத்தையும் சாமான்களையும் சமையலறைத் தொட்டியில் கழுவ நான் விடுவதில்லை. அதன் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், சிறு குழந்தைகளுக்கு அது கடுமையான வயிற்றுப்போக்கைத் தரும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் மறுவேலை.

ஐந்து வாரம் கழித்து அது ஓர் எலியை விழுங்கியது. அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை, பையன் மாடியிலிருந்து போட்ட கூச்சலில் தெரிந்துகொண்டேன். அதற்குப் பின் கிளையில் ஒரு பொட்டுப் பூசணம் இல்லை.

போன வாரம் ஒரே மழை. குளியலறைக் கொடியில் இடமில்லாமல், இவருடைய பனியனை மட்டும் பின்னறை நாற்காலியில் போட்டுவிட்டு வந்தேன். ஒரு பனியன்தானே! திரும்பிப் போனால் நாற்காலி காலி. பையன் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தாண்டி குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தான்.