குளிரும் சுடும்

எழுதிப் பிழைக்கிறவனுடைய கையில் பேனாவைத் தவிர வேறு ஆயுதம் எதையும் கொடுக்கக்கூடாது என்பது என் மனைவியின் வெகுநாளைய அபிப்பிராயம். 2024-ஆம் வருஷம் மே மாதம், அக்கினி நட்சத்திரம் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்த அபிப்பிராயத்துக்கு நானே வலிய ஒரு சாட்சியம் தேடிக் கொடுத்தேன். நங்கநல்லூரில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில், அப்பாவின் காருடைய போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த ஏ.சி.யை அடியோடு கழற்றி எறிந்துவிடுவது என்று கச்சை கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்பா 2022-இல் காலமானார். 2005-இல் அவர் வாங்கிய சின்னக் கார் அது. கம்பெனியின் பெயர் எதற்கு? அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு நின்ற கார்தான். அவர் போன பிறகு வாரத்துக்கு ஒரு தடவை கிளப்பி நிறுத்துவதோடு சரி. வேப்பம்பூவும் காக்கை எச்சமுமாக மரத்தடியில் கிடந்தது. ஏப்ரலில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணில் தூசி படக்கூடாது, காரில் போனால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாடகைக் காரில் போகலாம் என்றால் அம்மா, "உங்கப்பா வண்டி வாசல்ல நிக்கறப்போ ஊரான் வண்டி எதுக்கு?" என்றாள்.

கண்ணாடியை ஏற்றினால் உள்ளே இட்லிக் கொப்பரைதான். ஏ.சி.யைப் போட்டேன். காற்று வந்தது, குளிர் வரவில்லை. பழுது பார்க்கும் கடை ஒன்றில் காட்டியதற்கு, எல்லாவற்றையும் மாற்றவேண்டும், பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். காரை விற்றாலே எவ்வளவு வரும் என்று எனக்குச் சந்தேகம்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அவர் ஏ.சி.க்கு ஜன்ம விரோதி. நான் அந்தக் காரில் ஏறிய நாளெல்லாம், சித்திரை வெயிலில்கூட, அந்தப் பொத்தானை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. நான் கையைக் கொண்டுபோனால், "பெட்ரோலைக் குடிக்கும்டா. காத்து சும்மா வருதே, அது போதாதா?" என்பார். அதில் பொய் இல்லை. ஏ.சி.யின் கம்ப்ரஸரைச் சுழற்றுவதும் அதே என்ஜின்தான். சின்ன என்ஜினுக்கு அது தலைச்சுமைதான். ஆனால் வியர்வை வழிய உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து வயசுப் பிள்ளைக்கு அந்த நியாயம் ஏறுமா? என் முதல் நாவலில் வரும் கஞ்சக் கிழவரை எங்கிருந்து பிடித்தீர்கள் என்று வாசகர்கள் கேட்டதுண்டு. முன் ஸீட்டில் இருந்து பிடித்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே என் தர்க்கம் இப்படி ஓடிற்று. அப்பா ஒருநாளும் உபயோகிக்காத சாமான். அம்மாவுக்கு அது இல்லாமலே பழக்கம். வேலை செய்யாத சுமையை வண்டி எதற்குச் சுமக்க வேண்டும்? கழற்றிவிட்டு, டேஷ்போர்டின் மேல் ஒரு சிறு மின்விசிறியை வைத்துவிட்டால் போகிறது. கைபேசியில் ஒரு ஆசாமி பத்து நிமிஷத்தில் கழற்றிக் காட்டுகிறான். கல்லூரியில் நானும் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன்தானே!

அம்மா வாசல் படியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். "அதை எதுக்குப்பா கழட்டறே?" என்று ஒரு தடவை கேட்டாள். "சும்மா இரும்மா" என்றேன்.

முதலில் என்ஜினைக் கிளப்பி ஏ.சி.யைப் போட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். கம்ப்ரஸரின் முன்பக்கத்துக் கிளட்ச் 'டிக்' என்று ஒட்டிக்கொண்டது. நாலைந்து நொடியில் விட்டுவிட்டது. மறுபடி டிக். மறுபடி விட்டது. விக்கல் எடுத்த மாதிரி. அது ஒரு நோயின் அறிகுறி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். உள்ளே இருக்கும் கியாஸ் குறைந்துபோனால், ஓட ஆரம்பித்ததும் அழுத்தம் விழும். அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச், 'போதும், இனி ஓடினால் உனக்குத்தான் ஆபத்து' என்று கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அன்றைக்கு எனக்கு அது வெறும் விக்கலாகத்தான் தெரிந்தது.

என்ஜினை நிறுத்தி, பாட்டரி ஒயரைக் கழற்றி, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உருளையாக நின்ற ஒரு டப்பாவுக்குப் போகும் மெல்லிய அலுமினியக் குழாயில் ஸ்பானரை மாட்டித் திருப்பினேன். நகரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு திருப்பு.

'உஸ்ஸ்' என்று ஒரு சீற்றம். வெள்ளையாகப் புகை போல் ஏதோ பீறிட்டது. ஆள்காட்டி விரலில் நெருப்பு பட்டாற்போல் இருந்தது. ஸ்பானரைப் போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தேன். விரல் நுனி மெழுகு போல வெளுத்துவிட்டது. தொட்டால் உணர்ச்சி இல்லை. சுட்டது நெருப்பல்ல, குளிர்.

சாஸ்திரம் எனக்குத் தெரியாமல் இல்லை. வேளைக்கு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிந்த நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காரிலும் அதேதான் நடக்கிறது. தண்ணீருக்குப் பதிலாக ஆர்-134ஏ என்ற திரவம். சாதாரணக் காற்றழுத்தத்தில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்றால், இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதை அமுக்கி அமுக்கித் திரவமாக்கி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு கூட்டில் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டால், அது கொதித்து ஆவியாகும் அவசரத்தில் நம்மைச் சுற்றியுள்ள சூட்டையெல்லாம் வாரிக்கொள்கிறது. அன்று காரின் சூட்டுக்குப் பதிலாக என் விரலின் சூட்டை வாரிக்கொண்டது.

மனைவி ஓடி வந்தாள். "நான் சொன்னேனே" என்று அவள் சொல்லவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை. வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை முக்கிவிட்டு, மூன்றாவது தெருவில் இருக்கும் ஏ.சி. மெக்கானிக்குக்குப் போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை, நாளைக் காலையில் வருகிறேன் என்றானாம்.

மறுநாள் வந்த பையனுக்கு இருபத்துநாலு வயசு இருக்கும். என் விரலைப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியைப் பார்த்தான். "நல்ல வேளை சார், கண்ணாடி போட்டிருந்தீங்க. கண்ணுல பட்டிருந்தா அம்மாவோட நீங்களும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும்" என்றான். பிறகு குழாயைப் பார்த்து, "ராத்திரி பூரா இப்படியே திறந்தா கிடந்தது?" என்றான். அந்த உருளை டப்பாவுக்கு டிரையர் என்று பெயராம். உள்ளே ஈரத்தைக் குடிக்கும் மணிகள் இருக்கின்றன. மெட்ராஸ் காற்றின் ஈரத்தை ஒரு ராத்திரி முழுக்க அவை வயிறு முட்டக் குடித்துவிட்டனவாம். ஆகவே புதிசு போடவேண்டும். என் பராக்கிரமத்துக்கு முதல் அபராதம்.

"ஏ.சி. வேண்டாம்னா இவ்வளவு எதுக்கு சார்? இந்த பெல்ட்டை மட்டும் உருவியிருந்தா போதுமே!" என்றும் சொன்னான்.

அதைக் கேட்டதும் வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. காரில் முதன்முதலாக ஏ.சி. வைத்து விற்றது அமெரிக்காவில் பக்கார்டு கம்பெனி, 1940-ஆம் வருஷத்து மாடலில். அதில் கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்று தோன்றினால், வண்டியை நிறுத்தி, இறங்கி, போனட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்றவேண்டும். அப்பாவுக்கு அப்படிப்பட்ட கார்தான் பொருத்தமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கியாஸ் வீணாகக் காற்றில் போனதில் அந்தப் பையனுக்கு என்னைவிட வருத்தம். அவன் வருத்தத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர் 1930-இல் ரஸாயன நிபுணர்கள் கூடிய சபையில் ஒரு கியாஸை மூச்சில் இழுத்து, மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பற்றாது என்று நிரூபிப்பதற்காக. சபை கைதட்டிற்று. 1974-இல்தான் அந்த ஜாதிக் கியாஸ்கள் ஆகாயத்தின் ஓஸோன் படலத்தை அரிக்கும் என்று இரண்டு விஞ்ஞானிகள் சொன்னார்கள். 1987-இல் மாண்ட்ரீலில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1944-லேயே இறந்துபோன மிட்ஜ்லிக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பதிலாக வந்ததுதான் என் விரலைச் சுட்ட கியாஸ். இது ஓஸோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கெட்டிக்காரன். ஒருவன் குளிர, ஊர் சூடாகிற வியாபாரம்!

பையன் டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தான். கம்ப்ரஸரின் பக்கத்து மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கில் மண் அப்பியிருந்தது. "இதுதான் சார். கியாஸோட எண்ணெயும் சுத்தும். கியாஸ் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் காட்டிக் கொடுத்துடும். உள்ள ஒரு ரப்பர் வளையம் செத்துப் போச்சு." டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான் அந்த வளையத்துக்கு.

"ரெண்டு வருஷம் சும்மா நின்னதுல கியாஸ் தீர்ந்துடுச்சோ?" என்று கேட்டேன்.

"கியாஸ் தீராது சார். அது பெட்ரோலா? ஓட்டை இல்லேன்னா வருஷக்கணக்கா அப்படியே இருக்கும். இந்த மூட்டு ரொம்ப நாளாக் கசியுது. யாரோ வருஷா வருஷம் கியாஸ் மட்டும் ரொப்பிக் குடுத்திருக்காங்க."

"இருக்காது. இந்த வண்டியில ஏ.சி. போட்டதே இல்லை" என்றேன் நான், வீட்டுக்காரன் என்ற மிடுக்கோடு.

அவன் பதில் பேசவில்லை. உள்ளே குளிர்க்கூட்டைச் சுத்தம் பண்ணவேண்டும் என்று முன்பக்கத்து அறைப்பெட்டியைக் கழற்றினான். அதன் பின்னால்தான் அந்தக் கூடு இருக்கிறது. பெட்டி வெளியே வந்தபோது, அதற்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் விழுந்து கிடந்த ஒரு சிறிய நோட்டும் வந்தது. அப்பாவின் பெட்ரோல் கணக்கு.

அவருடைய நெருக்கமான பொடி எழுத்து. தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய். புரட்டிக்கொண்டே போனேன். 2014 ஏப்ரல்: 'கியாஸ், 900.' 2015 மார்ச்: 'கியாஸ், 1,000.' 2016, 2017, வருஷம் தவறாமல் வெயில் ஆரம்பிக்கும்போது அந்த ஒரு வரி. அடுத்த பக்கங்களில், சனிக்கிழமைகளுக்கு எதிரே மட்டும், 'தி.மலை, ஏ.சி. உண்டு' என்று குறிப்பு. திருநீர்மலை. அம்மாவும் அவரும் சனிக்கிழமை தோறும் பெருமாளைச் சேவிக்கப் போவார்கள், எனக்குத் தெரியும். பெட்ரோல் எவ்வளவு அதிகம் பிடித்தது என்றும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். மனுஷர் அதை மட்டும் விடவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனேன். "அம்மா, அப்பா ஏ.சி. போடுவாரா?"

"எனக்கு வேர்த்தா தலை சுத்துமே, அதுக்காகப் போடுவாரு" என்றாள் அம்மா, ஏதோ எல்லாருக்கும் தெரிந்த சங்கதி போல.

"நான் இருந்தால் போட்டதே இல்லையே?"

அம்மா கறுப்புக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். "உனக்குத்தான் சிக்கனம் சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தாரே! உன் முன்னாடி எப்படிப் போடுவாரு? தெரு முனையில உன் சைக்கிளைப் பாத்தாக்கூட அணைச்சுக் கண்ணாடியை இறக்கிடுவாரு."

"நேற்றைக்கே சொல்லியிருக்கலாமே, நான் கழற்றும்போது?"

"சும்மா இருக்கச் சொன்னியேப்பா!"

மத்தியானம் வரை வேலை நடந்தது. புது வளையத்தில் ஒரு துளி எண்ணெய் தடவி மாட்டினான். புது டிரையர். பிறகு ஒரு பம்பை வைத்து அரை மணி நேரம் குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, நிறுத்திவிட்டு இன்னொரு அரை மணி முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முள் நகரவில்லை, ஓட்டை இல்லை என்று அர்த்தம். தராசில் நிறுத்துக் கியாஸ் ஏற்றினான். எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூறு ரூபாய். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், கட்டுப் போட்ட விரலால் எழுத வராமல் கோணல்மாணலாக, தேதியோடு எழுதி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். கண்ணாடிகளை ஏற்றி ஏ.சி.யைப் போட்டேன். வேப்பம்பூ வாசனையோடு குளிர்ந்த காற்று வந்தது. அம்மா முன் ஸீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றம் தொடங்கியதும் என்ஜின் கொஞ்சம் முனகிற்று.

"மேடு வருது. அணைச்சுடுப்பா" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

அணைத்தேன். வண்டி சிரமம் இல்லாமல் ஏறிற்று. உச்சியைத் தாண்டி இறக்கம் வந்ததும், நான் பொத்தானைத் தேடுவதற்குள் அம்மாவே கையை நீட்டி அதை அமுக்கினாள்.