தகர டப்பாவில் ஓர் ஒப்பாரி

சினிமா தியேட்டர்களில் பிலிம் சுருள் வரும் வட்டமான தகர டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். 1979 நவம்பரில் இங்கிலாந்தில் அதே மாதிரி ஒரு டப்பாவுக்குள் பாட்டை அடைத்து விற்றார்கள். ஆல்பத்தின் பெயரே 'மெட்டல் பாக்ஸ்'. குழு, பப்ளிக் இமேஜ் லிமிடெட்.

லண்டனில் வேலை பார்த்தபோது பழைய ரிக்கார்டு கடை ஒன்றில் அதைக் கையில் எடுத்தேன். ஓரமெல்லாம் துரு. உள்ளே 45 வேகத்தில் சுற்றும் மூன்று 12 அங்குலத் தட்டுகள், நடுநடுவே வட்டக் காகிதம். அவ்வளவு இறுக்கமான டப்பாவிலிருந்து கீறல் விழாமல் தட்டை எடுப்பதே ஒரு வித்தை. கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்து, உள்ளங்கையில் தோசை மாதிரி வாங்கினார். 'கஷ்டப்பட்டுத்தான் கேக்கணும்' என்கிற தோரணையில் ஒரு சிரிப்பு வேறு.

'ஜானி ராட்டன்' என்ற பெயரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவில் கத்திக்கொண்டிருந்த ஜான் லைடன், 1978-ல் அதிலிருந்து விலகி ஆரம்பித்த குழு இது. பங்க் என்றால் வேகம், கோபம், மூன்று நிமிஷத்தில் ஆட்டம் க்ளோஸ். இங்கே முதல் பாட்டே பத்து நிமிஷத்துக்கு மேல் போகிறது. ஜா வோபிளின் பேஸ் கிடார், ஜமைக்காவின் டப் இசையில் ஊறியது. காதுக்கு முன்னால் வயிற்றுக்குக் கேட்கும். அதன் மேல் கீத் லெவீனின் கிடார், கண்ணாடிச் சில்லுகளை இறைத்த மாதிரி.

முதல் தட்டின் பின்பக்கத்தில் 'ஸ்வான் லேக்' என்று ஒரு பாட்டு. அதே ஆண்டில் 'டெத் டிஸ்கோ' என்ற பெயரில் தனியாக வந்து, இங்கிலாந்தின் முதல் இருபதுக்குள் நுழைந்தது. புற்றுநோயில் போன அம்மாவுக்காக லைடன் எழுதியது. கீழே டிஸ்கோ தாளம் விடாமல் ஓட, சைக்கோவ்ஸ்கியின் பாலே மெட்டைக் கோணல்மாணலாக இழுக்கிறது கிடார். லைடன் பாடவில்லை, அலறுகிறார்.

அப்போது என் அம்மா போய் எட்டு மாசம். காரியம் முடிந்ததும் பிளேன் ஏறி வந்தவன் நான். ஆபீஸில் எல்லாரும் மரியாதையாகத் தோளைத் தட்டினார்கள். 'தைரியமா இருப்பா' என்று ஊரிலிருந்து மாமா போன் செய்வார். தைரியமாகத்தான் இருந்தேன், இந்தப் பாட்டைக் கேட்கும் வரை. வாடகை அறையில், கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கக் கூடாதே என்று ஹெட்போனுக்குள் அழுதேன்.

இதைப் 'பரிசோதனை இசை' என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. சாவுக்கும் டிஸ்கோவுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே யாராவது கேட்டிருக்கலாம். பறை அதிர அதிர ஆடிக்கொண்டே பாடையைத் தூக்கிப் போகும் ஊரில் பிறந்தவனுக்கு அந்தச் சந்தேகம் வராது. வீட்டு முற்றத்தில் பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு பாடியதும் இந்தச் சுருதியில்தான். அதாவது, சுருதியே இல்லாமல்.

டப்பா செலவு கட்டுப்படியாகாது. 1980-ல் 'செகண்ட் எடிஷன்' என்ற பெயரில், சாதாரண அட்டை உறையில் இரண்டு தட்டுகளாக மறுபடி வெளியிட்டார்கள். லெவீன் 2022-ல் காலமானார். இன்று மொத்த ஆல்பமும் செல்போனிலேயே கிடைக்கிறது. ஆனால் அந்தப் பேஸ், போன் ஸ்பீக்கரில் வராது. நல்ல ஹெட்போனாகப் பார்த்து, வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு கேளுங்கள். முதல் பத்து நிமிஷம் கொஞ்சம் பொறுமை வேண்டும்.