அபாயச் சங்கு

இஷாத் தொழுகை முடித்து வந்து, அமெரிக்காவின் ஒக்லகோமா நகரில் வாழும் நம் மகளுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தோம். இரவு மணி பத்தரை; ஏரியூர் அடங்கிவிட்டிருந்தது. திடீரென அவள் பக்கத்தில் ஆலைச் சங்கினும் நீண்ட ஓர் ஓலம் எழுந்தது. நம் உள்ளம் பதைத்தது. அவளோ சிரித்தாள். "பயப்படாதீங்க அத்தா. இங்கே சனிக்கிழமை நண்பகல். சுழற்காற்றுச் சங்கைச் சோதித்துப் பார்க்கிறார்கள்" என்றாள்.

அன்றுதொட்டு அக்காற்றைப் பற்றிப் படிக்கலானோம். அரபியில் அதனை 'இஃஸார்' என்பர்; பிழிதலைக் குறிக்கும் வேரினின்று பிறந்த சொல். நம் கடற்கரைப் புயல் பல நூறு மைல் பரந்து, நாட்கணக்கில் முன்பே தன் வரவைத் தெரிவிக்கும். இதுவோ இடிமேகத்தினின்று தரைவரை இறங்கும் சுழல்தூண். பெரும்பாலும் சில நிமிடங்களில் தன் அழிவை முடித்துவிடும். நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 1978 மார்ச் 17இல் வடதில்லியைத் தாக்கி 28 உயிர்களைக் கவர்ந்தது. சங்கு, வெளியில் நிற்போருக்காக ஊதப்படுவது. கேட்டவர் வீட்டினுள் புகுந்து, கீழ்த்தளத்தில் சாளரமில்லாத நடு அறையில் ஒடுங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த சித்திரையில் ஒரு வைகறை. "அத்தா, சங்கு ஊதுகிறது. இன்று சோதனையல்ல" என்றாள். தொடர்பு அறுந்தது. நாற்பது நிமிடம் தொழுகைப் பாயிலேயே அமர்ந்திருந்தோம். மீண்டும் அவள் குரல் கேட்டபின்னரே மூச்சு வந்தது. காற்று தொலைவில் கடந்து போயிருந்தது. அவள் பிள்ளைகளுடன் குளியலறையில் ஒடுங்கியிருக்க, அண்டை வீட்டார் வாசலில் நின்று வானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தனராம்.

"என்ன அறியாமை!" என்று சொல்ல வாயெடுத்தோம். சொல் வரவில்லை.

2018 ஆகஸ்டில் காவிரி பெருக்கெடுத்தபோது, கரைக்குச் செல்லாதீர் என்று ஊர்தோறும் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். நாமோ வெள்ளம் காட்டுவதற்காக மாணவர்களை நாகமரைத் துறைக்கு அழைத்துச் சென்றோம். சேற்றில் ஒரு சிறுவனின் கால் வழுக்கியது. யாரோ ஒருவர் அவன் சட்டையைப் பற்றி இழுத்திராவிடில், அவன் பெற்றோர் முகத்தில் நாம் எவ்வாறு விழித்திருப்போம்? இதனை இதுவரை எவரிடமும் நாம் சொன்னதில்லை.

எச்சரிப்பவன் கடன் சொல்லியதோடு முடிகிறது. கேட்டவன் கடன் அப்போதுதான் தொடங்குகிறது. இப்போதெல்லாம் வெள்ள அறிவிப்பு வந்தால், மதரஸாக் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணிப் பார்க்கிறோம்.