கொசுத்தேன் அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சி,

பெயர் போட்டால் கூச்சப்படுவீர்கள். மார்த்தாண்டம் பக்கத்துக் கொசுத்தேன் அண்ணாச்சி என்றால் போதும். தேனுக்குக் காசு கொடுத்தாயிற்று. இந்த நன்றி, தேனைப் பற்றி நீங்கள் பொய் சொல்லாததற்கு.

கொடுக்கில்லாத கொசுத்தேனீயின் ஒரு கூட்டில் ஆண்டுக்கு ஒரு கிலோ தேறுவதே அபூர்வம். அப்படிப்பட்ட சரக்கை விற்பவர்கள் சர்க்கரை நோய் தீரும், புற்றுநோய் தீரும் என்று அளந்துவிடுவார்கள். நீங்களோ, "இருமல், தொண்டைக் கரகரப்பு, வாய்ப்புண்ணுக்குக் கொடுப்பாங்க, தீப்புண்ணுல தடவுவாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். கண்ணில் விடலாமா என்றவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். மெக்சிகோவின் மாயா மக்கள் இந்த வகைத் தேனைக் கண்நோய்க்கு விட்டவர்கள்தான். ஆனாலும் நீங்கள் சொன்னதே சரி.

கூடு இருந்த மூங்கிலைத் திறந்தபோது தேனீக்கள் என் தலைமுடிக்குள் புகுந்து கடித்தன. கொட்டத்தான் கொடுக்கு இல்லையே! மெழுகும் மரப்பிசினும் குழைத்துக் கட்டிய கரும்பழுப்புக் குடங்கள், ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. முட்டையும் புழுவும் இருந்த பக்கம் கை வைக்காமல், தேன்குடங்களை மட்டும் குத்திச் சாய்த்து வடிய விட்டீர்கள். கூட்டோடு பிழிந்தால் மகரந்தமும் புழுச்சாறும் கலந்து சீக்கிரம் கெட்டுப்போகுமாம்.

"தண்ணியா, புளிப்பா இருக்கே, கலப்படமா?" என்று கேட்டவருக்கு நீங்கள் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது; நேராகவே சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தேனுக்கு உலக உணவுத் தரம் பொதுவாக 20 சதவீத ஈரம்வரைதான் அனுமதிக்கிறது. கொசுத்தேனில் இயல்பாகவே அதைவிட அதிகம். அதனால்தான் மலேசியா 2017இல் இதற்கென்று தனித் தரமே வகுத்தது. கெட்டியாக்கக் காய்ச்சினால் மணமும் குணமும் போகும். 2020இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார், இரத்தத்தில் மெதுவாகச் சேரும் டிரெஹலுலோஸ் என்ற சர்க்கரை இதில் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். அதற்காக இது நீரிழிவுக்கு மருந்தாகிவிடாது.

எல்லாவற்றிலும் பெரிது, பிறந்த பேரப்பிள்ளையின் நாக்கில் சேனை வைக்கத் தேன் கேட்டு வந்த பாட்டியிடம் விற்க மறுத்தீர்களே, அது. கையில் வந்த காசை வேண்டாம் என்றீர்கள். வாசிக்கிறவர்களும் கேளுங்கள்: எந்தத் தேனிலும் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கைக்காரன்