பாலன் இயேசுவுக்கு வைக்கோல் மெத்தை!

கிறிஸ்துமஸுக்கு முந்தைய 4 ஞாயிறுகள் கொண்டது திருவருகைக் காலம். சில கத்தோலிக்க வீடுகளில் அப்போது பிள்ளைகள் சீட்டு எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ, அவருக்குத் தெரியாமல் உதவ வேண்டும். ஒவ்வோர் உதவிக்கும் குடிலின் தீவனத்தொட்டியில் ஒரு வைக்கோல். உதவி குறைந்தால், டிசம்பர் 24 இரவு பாலன் இயேசுவுக்குப் படுக்கை உறுத்தும் என்பது பிள்ளைகளின் கணக்கு!

தூத்துக்குடியில் ஒரு வீடு. ஒரு வாரமாகப் பேசாமல் இருந்த தங்கையின் பெயர் அண்ணனுக்கு வந்தது. முகம் சுருங்கியது. ஆனாலும், காலையில் அவள் சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்தான். சொல்லிக் காட்டவில்லை.

'ஸாரி கேளு' என்று அம்மா அதட்டினால் வாய் மட்டும்தான் கேட்கும். இங்கே கை முதலில் இறங்குகிறது. கோபம் தானாகக் கரைகிறது. பெற்றோர்களே, யார் எத்தனை வைக்கோல் போட்டார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். எண்ணினால் அங்கேயும் போட்டி வந்துவிடும்.