அப்ப நான் எங்கே உட்கார்றது?

ஆவடியில் அந்த வீட்டு போர்ட்டிகோவில் பதினோரு வருடமாக ஒரு புல்லட் சாக்கு போர்த்திக்கொண்டு நிற்கிறது. 1984 மாடல். முழங்கால் தேய்ந்து அப்பாவால் கிக்கர் உதைக்க முடியாமல் போனதிலிருந்து அது தெருவைப் பார்க்கவில்லை. ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது மகன், "அதைக் கஃபே ரேஸரா மாத்தலாம்னு இருக்கேம்ப்பா" என்றான். அப்பா ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே, "செஞ்சுக்கோ" என்றார்.

அம்மாதான் "அது என்னடா?" என்று கேட்டார். மகன் போனில் படம் காட்டினான். தாழ்ந்த ஹேண்டில்பார், நீண்ட டேங்க், ஒரே ஆளுக்கான சீட், அதன் பின்னால் சின்னதாக ஒரு திமில். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அப்ப நான் எங்கே உட்கார்றது?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்த புல்லட்டின் இடது பக்கம் ஒரு சாரி கார்டும், ஒருக்களித்து உட்காருபவர் கால் வைக்க ஒரு பலகையும் இருக்கின்றன. கல்யாணமான மாதம் அப்பா பொருத்தியவை. கஃபே ரேஸர் வேலையில் ஸ்பேனர் முதலில் போகும் இடமே அதுதான். அன்று அவனுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இந்தப் பைத்தியத்தின் ஊர் லண்டன். வட சுற்றுச் சாலையில் லாரிக்காரர்களுக்காக 1938-ல் திறந்த ஏஸ் கஃபேயில், போருக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் கூடினார்கள். மணிக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர் தொடுவதுதான் அவர்கள் கனவு. புது ரேஸ் வண்டி வாங்கக் காசில்லை. அதனால் இருக்கிற வண்டியில் வேண்டாத எடையைக் கழற்றி எறிந்தார்கள். நார்ட்டன் சட்டகத்தில் டிரையம்ஃப் இன்ஜினைப் பூட்டி 'டிரைட்டன்' என்றார்கள். 1960-களில் ராயல் என்ஃபீல்டே இந்த மோகத்துக்காக கான்டினென்டல் ஜிடி என்று ஒரு 250 சிசி வண்டியை இங்கிலாந்தில் விட்டது. ஆக, வசதி இல்லாதவன் செய்த வண்டி அது. இன்று லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்கிறார்கள் என்பது வேறு கதை.

மறுநாள் அம்பத்தூரில் தெரிந்த மெக்கானிக்கிடம் போனான். அவர் டீ சொல்லிவிட்டு நேராகக் கேட்டார்: "ஓடுற வண்டியை எதுக்குத் தம்பி அறுக்கறே? ஏற்கெனவே தோல் உரிஞ்ச வண்டியா பாரு."

மகனுக்கும் அது சரியென்று பட்டது. ஆனால் எந்த வண்டி? முதலில் ஆர்எக்ஸ் 100. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன 98 சிசி குட்டிப் புலி. எடை குறைவு, இன்ஜின் துள்ளும். ஆனால் அதை அசல் நிலையில் வைத்திருப்பவருக்குத்தான் மதிப்பு. விலையும் எங்கோ போய்விட்டது. அடுத்து யெஸ்டி ரோட்கிங். அந்த இரட்டை சைலன்சரின் அழகில் மயங்காதவர் யார்? மெக்கானிக் ஒரே வார்த்தையில் கவிழ்த்தார். "யெஸ்டில கியர் லீவர்தான் அண்ணாந்து கிக்கரும் ஆகுது. கஃபே ரேஸருக்கு ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னாடி தள்ளணும். அப்புறம் கியரை எப்படிப் போடுவே?"

புல்லட்டிலும் தொல்லை இல்லாமல் இல்லை. பழைய புல்லட்டில் கியரும் கிக்கரும் வலது பக்கம். பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட்டில் கிக்கர் இடிக்கும். மடங்குகிற ஃபுட்ரெஸ்ட் போட்டால் தீரும். பாகங்கள் புதுப்பேட்டையில் கிடைக்கும். புல்லட் என்று முடிவானது. ஆனால் வேறு புல்லட்.

"முதல்ல ஆர்.சி. புக்கைப் பாரு, அப்புறம் வண்டியைப் பாரு" என்பது மெக்கானிக்கின் மந்திரம். தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு; 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சீட் விஷயத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பது, சட்டகத்தை வெட்டுவதே இல்லை, திரும்ப மாட்ட முடிந்ததை மட்டும் கழற்றுவது என்று மகன் முடிவு செய்தான். படத்தில் பார்த்த அளவுக்கு ஒல்லியாக வராது. போகட்டும்.

மூன்று வண்டிகளை நிராகரித்தார்கள். ஒன்றில் சேஸிஸ் எண் இருந்த இடத்தில் கிரைண்டர் தடம். ஒன்றில் இரண்டு சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்தபோது பின்சக்கரம் ஒதுங்கி நின்றது. மூன்றாவதன் சொந்தக்காரர் இறந்துபோய், வாரிசுகளுக்குள் சண்டை.

நான்காவது திருநின்றவூரில் ஒரு மாட்டுக்கொட்டகையில் கிடைத்தது. 1991 மாடல். மட்கார்டு அரித்து, சீட் எலி தின்று, டேங்க் உள்ளே துரு. ஆனால் எண்கள் ஒத்துப்போயின, ஆர்.சி. புதுப்பித்திருந்தது, சட்டகம் நேராக இருந்தது. 45,000 ரூபாய்க்கு முடிந்தது.

வண்டி வந்து பத்தாம் நாள், கார்புரேட்டரைக் கழுவி, புது பாயின்ட்டும் பேட்டரியும் போட்டு, ஒரு பாட்டிலில் இருந்து குழாய் வழியாக பெட்ரோல் விட்டார்கள். மகன் உதைத்து உதைத்து வேர்த்துப்போனான். ஒருமுறை கிக்கர் திருப்பி அடித்ததில் பாதம் விண்ணென்றது. அதுவரை நாற்காலியில் இருந்த அப்பா எழுந்து வந்தார்.

"முரட்டுத்தனமா உதைக்காதே. அம்மீட்டர் முள் நடுவுக்கு வர்ற வரைக்கும் மெதுவா மிதி... ம், நில்லு." இடது கையால் டீகம்ப்ரஸர் லீவரைத் தானே பிடித்தார். "இப்ப துளி தள்ளு." லீவரை விட்டார். "உதை."

மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தூசி சைலன்சர் வழியாகப் புகையாக வந்தது. அப்பா தலையைச் சாய்த்து அந்தத் துடிப்பையே கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து வந்த அம்மா புது வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாக்கு போர்த்திய பழையதின் பக்கம் போனார். "இதுக்குப் பாயின்ட் வாங்கினியே, அதுக்கும் ஒண்ணு வாங்கிடு" என்றார். "பேட்டரியும்."